நோர்வேஜியம், ஷோனா, ஒரு யன்னல்

2009ஆம் ஆண்டு நான் தெற்கு லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் ஒரு வயோதிபர் இல்லத்தில் பராமரிப்பாளராக இருந்தேன். காலை ஷிப்ட் ஏழு மணிக்குத் தொடங்கும். முதலாம் மாடியில், நடையின் கடைசி அறையில், ஒரு நோர்வேக்காரர் இருந்தார். எண்பத்தெட்டு வயது. கப்பலில் சமையற்காரராக இருந்தவர். இளம் வயதில் லண்டனில் இறங்கி, ஓர் ஆங்கிலேயப் பெண்ணை மணந்து, பிள்ளைகள் இல்லாமல் வாழ்ந்து, மனைவி இறந்த பிறகு இங்கே வந்தவர். அறுபது வருடங்கள் ஆங்கிலம் பேசியவர். முந்தைய வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. கை கால் ஓரளவு திரும்பின. ஆங்கிலம் திரும்பவில்லை.

அவருடைய அறை யன்னல் ரயில் பாதையைப் பார்த்திருந்தது. விக்டோரியாவுக்குப் போகும் ரயில்களும் குரோய்டனுக்குத் திரும்பும் ரயில்களும் அதன் வழியாகப் போகும். காலையில் அவரைக் கழுவி உடுப்பு மாற்றியதும் நாற்காலியை அந்த யன்னலுக்குத் தள்ளிவிட வேண்டும். வேறு எங்கே விட்டாலும் காலால் நிலத்தை உதைத்து உதைத்து அங்கேயே வந்து சேருவார்.

எனக்கு நோர்வேஜியம் தெரியும். யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்துவிட்டு, பிறகு நோர்வேயின் வடகோடியில் ஒரு மீன் தொழிற்சாலையில் பதினொரு வருடங்கள் மீன் வெட்டினேன். அதன் பிறகு லண்டன். முதல் நாள் நான் அவருடன் அவருடைய மொழியில் பேசியபோது என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ மீன் வெட்டுறவன் மாதிரிக் கதைக்கிறாய்" என்றார்.

"மீன்தான் வெட்டினன்" என்றேன்.

"வடக்கில இருந்து இவ்வளவு கறுத்த ஆள் வந்ததை நான் கண்டதில்லை."

அவரும் வடக்குக் கரையைச் சேர்ந்தவர். அந்தப் பக்கத்து மக்கள் 'ஓம்', அதாவது ஆமாம், என்பதை மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு சொல்வார்கள். சொல் வெளியே வராது, உள்ளே போகும். தெரியாதவர்களுக்கு அது மூச்சு முட்டுவதுபோலக் கேட்கும். நான் வருவதற்கு முன் இல்லத்தின் தினக்குறிப்பில் 'மூச்சுத்திணறல்' என்று பதினாறு இடங்களில் எழுதியிருந்தார்கள். வைத்தியர் இரண்டு தரம் வந்து போயிருந்தார். நான் மனேஜரிடம் சொன்னேன். அவர் தினக்குறிப்பின் முன்பக்கத்தில் ஒரு வரி எழுதி ஒட்டினார்.

ஆனால் அவரை உண்மையில் பார்த்துக்கொண்டது நான் அல்ல. சிம்பாப்வேயைச் சேர்ந்த ஒரு பெண். ஐம்பது வயதிருக்கும். அங்கே பள்ளிக்கூட ஆசிரியை. அவருக்கு நோர்வேஜியத்தில் ஒரு சொல்லும் தெரியாது. அவர் கிழவருடன் தன் சொந்த மொழியான ஷோனாவில் பேசினார்.

"இவருக்கு இங்கிலிஷ் விளங்குறேல்லை. பிறகு ஏன் அதை இவரில வீணாக்குவான்? என்ர பாசையில கதைச்சா எனக்காவது சந்தோசம்" என்றார்.

நாங்கள் இருவரும் பேசியது ஆங்கிலத்தில்தான். அவருடைய பேச்சு என் நினைவில் எங்கள் ஊர்த் தமிழில்தான் இருக்கிறது, அப்படியே எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே 'யூ'தான் என்றாலும் தன் மனதுக்குள் என்னைப் பன்மையில்தான் விளிப்பதாக அவரே ஒருமுறை சொன்னார். ஷோனாவில் மரியாதை பன்மையில் இருக்கிறது. தமிழிலும் அப்படித்தான் என்றேன். நோர்வேஜியத்தில் எப்படி என்று கேட்டார்.

"அங்க எல்லாரும் நீதான். முதலாளியும் நீ, டொக்டரும் நீ."

"பாவம் அந்தச் சனம். ஆரும் ஆருக்கும் பெரியாள் இல்லையா?"

அன்றுதான் அந்த ஒப்பீடு தொடங்கியது. பத்தரை மணிக்கு எங்களுக்குக் கால் மணிநேர இடைவேளை. சமையலறையில் பழைய மெனுத் தாள்கள் கிடக்கும். அவர் ஒன்றை எடுத்துப் பின்புறம் திருப்பி, அடிமட்டம் வைத்து நடுவில் கோடு போட்டார். இடப்பக்கம் ஷோனா, வலப்பக்கம் நோர்வேஜியம். ஆசிரியைக் கை. எழுத்துகள் எல்லாம் ஒரே உயரத்தில் இருந்தன.

"நோர்வேக்காரன் காலமை எழும்பினா என்ன சொல்லுவான்?"

"மொர்ன்."

"பிறகு?"

"பிறகு ஒண்டுமில்லை. கோப்பி குடிப்பான்."

"நித்திரை கொண்டியோ எண்டு கேக்க மாட்டானா?"

"நித்திரை அவன்ர சொந்த விசயம்."

அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஷோனாவில் காலை வணக்கம் சொன்னால் அதோடு முடியாது. எப்படித் தூங்கினீர்கள் என்று கேட்க வேண்டும். அதற்கு மறுமொழி: 'நீங்கள் தூங்கியிருந்தால் நானும் தூங்கினேன்.' எல்லோருக்கும் அதே மறுமொழிதான். அதைச் சொல்லாமல் ஒருவன் கடந்துபோனால் அவன் வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது என்று ஊர் பேசும்.

அந்த வரிக்கு எதிரே நோர்வேஜியப் பக்கம் வெறுமையாக இருந்தது. எனக்கு வெற்றிடம் பிடிக்காது. பத்திரிகைப் பக்கத்தில் அது பிழை. எனவே 'தக் ஃபோர் சிஸ்ட்' என்று எழுதச் சொன்னேன். 'போனமுறைக்கு நன்றி' என்று பொருள். ஒருவரை ஒருமுறை சந்தித்துவிட்டு, எவ்வளவு காலம் கழித்து மறுபடி கண்டாலும், முதலில் போனமுறைக்கு நன்றி சொல்ல வேண்டும். இது அவருக்குப் பிடித்திருந்தது. "அப்ப அவங்கள் மறக்காத சனம்" என்றார்.

ஒருவர் கொடுப்பதை எப்படி வாங்குவது என்பதையும் அவர் எனக்குக் காட்டினார். சிறு பொருளானாலும் இரண்டு கைகளையும் நீட்ட வேண்டும். அதற்கு முன் மெல்லக் கைதட்ட வேண்டும். பெண்கள் உள்ளங்கைகளைக் குழித்துக் குறுக்காகத் தட்டுவார்கள். ஆண்கள் விரல்களை நேராக வைத்துத் தட்டுவார்கள். கிழவரின் அறைக்குள் நுழையும்போது அவர் கதவைத் தட்டுவதில்லை. வாசலில் சற்றுக் குனிந்து நின்று, இரண்டு முறை கைதட்டி, தூங்கினீர்களா என்று ஷோனாவில் கேட்பார். கிழவர் யன்னலிலிருந்து முகத்தைத் திருப்பி மூச்சை உள்ளே இழுப்பார். ஓம்.

என் நோர்வேஜியத்துக்கு அவர் அப்படித் திரும்பியதில்லை.

நான் ஏன் இதில் இவ்வளவு ஈடுபட்டேன் என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் தொலைக்காட்சி நிறுத்தப்படவில்லை. மனைவியின் தம்பி குடும்பத்தோடு வன்னியில் போர் நடந்த கடற்கரைப் பக்கம் எங்கோ இருந்தார். பல வாரங்களாகத் தொடர்பில்லை. மனைவி லீவு நாட்களில் பாராளுமன்றத்துக்கு முன்னால் நடந்த போராட்டத்துக்குப் போவார். நான் ஒருநாள் கூடப் போனேன். பதாகைகளில் இருந்த எழுத்துப் பிழைகளை எண்ணிக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு போகவில்லை.

"ஓம், நீங்கள் போய் உங்கட கிழவனோட நோர்வேஜியன் கதையுங்கோ" என்றார் மனைவி. கோபமாகச் சொல்லவில்லை. சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னார்.

மே மாதத்தில் மனேஜர் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார்: கிழவருக்கான செலவை உள்ளூர்க் கவுன்சில் கொடுக்கிறது, அவர் யாருடனும் பேச முடியாதவர் என்று அவர்களுடைய கோப்பில் இருக்கிறது, அப்படியானால் அவரை மறதி நோயாளர்கள் இருக்கும் வேறோர் இல்லத்துக்கு மாற்ற வேண்டும், வட லண்டனில், எட்மண்டனில், ஒரு கட்டில் காலியாக இருக்கிறது. வியாழக்கிழமை ஓர் அதிகாரி வந்து பார்ப்பார். இந்த அறையில் இருக்க வேண்டும் என்ற விருப்பத்தைக் கிழவர் தன் வாயால் தெளிவாகச் சொன்னால், அதை மீறி மாற்ற மாட்டார்கள்.

வியாழக்கிழமை ஏற்பாடு செய்யப்பட்ட மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. அதிகாரி என்னைக் கேட்டார். நான் ஒத்துக்கொண்டேன்.

அதிகாரி ஓர் இளம் பெண். பணிவானவர். படிவத்தை முழங்காலில் வைத்துக்கொண்டு கட்டிலின் ஓரத்தில் இருந்தார். சிம்பாப்வேப் பெண் தேநீர்த் தட்டுடன் வாசலில் நின்றார். அதிகாரி பெயர் கேட்டார், கிழவர் சொன்னார். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார்.

"யன்னலடியில" என்றார் கிழவர். மொழிபெயர்த்தேன். எழுதிக்கொண்டார்.

"இங்கேயே இருக்க விரும்புகிறீர்களா, அல்லது கூடுதல் உதவி கிடைக்கும் வேறோர் இடத்துக்குப் போவது சரியா என்று கேளுங்கள்."

கேட்டேன். கிழவர் யன்னலைப் பார்த்தார். ஒரு ரயில் போனது. அதன் கடைசிப் பெட்டி மறையும்வரை பார்த்துவிட்டுச் சொன்னார்:

"எனக்கு எல்லாம் ஒண்டுதான். ஆருக்கும் கரைச்சலா இருக்க எனக்கு விருப்பமில்லை."

நான் இதைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன். அதிகாரி மேற்கோள் குறி போட்டு எழுதினார். கோணலாக இருந்தாலும், திறந்த குறியை அவர் மூடினார் என்பதைக் கவனித்தேன்.

அந்தப் பதிலின் பொருள் எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்ல முடியாது. நான் தொழிற்சாலையில் சேர்ந்த புதிதில், சூடாக்கி உள்ள அறை வேண்டுமா என்று மேற்பார்வையாளர் கேட்டார். உடனே ஓம் என்றேன். ஒரு மாதம் என்னை 'முதற்தரமே ஓம் சொன்னவன்' என்று கூப்பிட்டார்கள். அங்கே கேட்கப்படுகிறவன் முதலில் எனக்கு ஒன்றுதான் என்பான். கேட்டவர் போய்விட்டு மறுநாள் வந்து திரும்பவும் கேட்க வேண்டும். அப்போதும் ஒன்றுதான். மூன்றாம் முறை சாவியைக் கையில் கொடுக்க வேண்டும். கடலைப் பார்த்த வீட்டுக்காக ஒன்பது வருடம் காத்திருந்த ஒரு மனிதர், அது காலியானபோது, எனக்கு ஒன்றுதான் என்று சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அவர் மீன் வெட்டும் கையை நிறுத்தவில்லை. எங்கள் வீடுகளிலும் தேத்தண்ணியை முதலில் வேண்டாம் என்போம். ஆனால் எங்களில் வீட்டைப் பற்றி அப்படிச் சொன்ன ஒருவரை நான் கண்டதில்லை.

ஆகவே, இன்னொரு தரம் கேளுங்கள் என்று அதிகாரியிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. எங்கள் பத்திரிகையில் ஒரு விதி இருந்தது: மேற்கோள் குறிக்குள் உதவி ஆசிரியரின் கை போகக் கூடாது. அந்த விதியை நினைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. ஒன்றும் நினைக்கவில்லை. வன்னியில் போர் முடிந்ததாக அறிவித்த அந்த வாரம் முழுக்கவே அப்படித்தான் இருந்தது. கேட்பதைக் கேட்டு, சொல்வதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதிகாரி பேனையை மூடினார்.

ஊழியர் அறையில் சிம்பாப்வேப் பெண் கதவைச் சாத்தினார்.

"அவர் என்ன சொன்னவர்?"

சொன்னேன். அதன் வழக்கத்தையும் சொன்னேன்.

"இது உங்களுக்குத் தெரிஞ்சிருந்ததா?"

"ஓம்."

அவர் ஆசிரியைக் குரலில் தொடங்கினார்.

"எங்கட ஊரில மாப்பிள்ளை தானே போய்ப் பெண் கேக்கேலாது. அதுக்கெண்டு ஒரு ஆளை அனுப்புவினம். அவன் வாசல்ல குந்தியிருந்து, ஏச்சு வாங்கி, திரத்த ஓடி, திரும்பவும் வந்து கேப்பான். மாப்பிள்ளை சொன்னதை அவன் ஒப்புவிக்கிறேல்லை. பெண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் வருவான். வெறுங்கையோட வந்து, மாப்பிள்ளை இப்பிடித்தான் சொல்லச் சொன்னான் எண்டு நிண்டால், அவனுக்கு நாயை அவிட்டு விடுவினம்."

"நான் மொழிபெயர்க்கத்தானே இருந்தனான்."

"நீங்கள் அங்க இருந்தனீங்களோ எண்டதுதான் எனக்குத் தெரியேல்லை" என்றார்.

தட்டைக் கழுவப் போய்விட்டார். அடுத்த சில நாட்கள் இடைவேளையில் மெனுத் தாளை எடுக்கவில்லை.

பத்திரிகையில் பிழை போனால் மறுநாள் திருத்தம் போடுவோம். உள்பக்கத்தில், சிறிய எழுத்தில், வருத்தம் ஒரு வரியில். சனிக்கிழமை கவுன்சிலுக்கு ஒரு கடிதம் எழுதினேன். வியாழக்கிழமை மொழிபெயர்ப்பில் சொற்கள் சரி. ஆனால் அந்தச் சொற்கள் அவர் ஊரில் மறுப்பாகவோ சம்மதமாகவோ கொள்ளப்படுவதில்லை. குறைந்தது மூன்று தரம் கேட்க வேண்டும். தயவுசெய்து மறுபடி வந்து கேளுங்கள். அரைப் பக்கம். இரண்டு கிழமையில் பதில் வந்தது. நன்றி தெரிவித்திருந்தார்கள். என் கடிதம் கோப்பில் சேர்க்கப்பட்டது. முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது.

ஜூன் மாதம் ஒரு காலையில் வாகனம் வந்தது. கிழவருக்கு இரண்டு பைகள் இருந்தன. சிம்பாப்வேப் பெண் அவருடைய கொலரைச் சரிசெய்து, பின்னால் நகர்ந்து, குனிந்து, கைதட்டி ஷோனாவில் விடைகொடுத்தார். போகிறவருக்கு 'நன்றாகப் போங்கள்' என்பார்கள். போகிறவர் 'நன்றாக இருங்கள்' என்று திருப்பிச் சொல்ல வேண்டும். கிழவர் மூச்சை உள்ளே இழுத்தார். நோர்வேஜியத்தில் 'நன்றாக வைத்துக்கொள்' என்பார்கள். நான் அதைச் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தன் அறை யன்னலைத்தான் பார்த்தார், வெளியே நாற்காலியில் இருந்தபடி, கீழேயிருந்து. திரும்பி வருவதைப் பற்றிய பேச்சு அந்த இரண்டு மொழி விடைகளிலும் இல்லை. தமிழில்தான் இருக்கிறது. தமிழில் நான் எதுவும் சொல்லவில்லை.

ஜூலையில் மனைவியின் தம்பி ஒரு முகாமில் இருப்பதாகத் தொலைபேசி வந்தது. அவர் இருக்கிறார் என்று மட்டும் சொன்னார்கள். அவருடைய மனைவியையும் பிள்ளையையும் பற்றி என் மனைவி ஒருமுறை கேட்டார். மறுமுனையில் வேறு ஏதோ சொன்னார்கள். இரண்டாம் முறை கேட்கவில்லை. தொலைபேசியை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். நான் தொலைக்காட்சியை நிறுத்தினேன்.

அதற்கடுத்த வாரம் இடைவேளையில் நானாகவே ஒரு மெனுத் தாளை எடுத்துக் கோடு போட்டேன். சிம்பாப்வேப் பெண் அதைப் பார்த்தார்.

"கோடு கோணல்" என்றார். பிறகு, "ஞாயிறு எனக்கு லீவு. எட்மண்டனுக்குப் போறன். வாறீங்களா?"

"ஓம்" என்றேன்.

"முதற்தரமே" என்றார்.

ரயிலில் விக்டோரியா, அங்கிருந்து சுரங்க ரயில், பிறகு பஸ். இரண்டு மணிநேரம் எடுத்தது. எட்மண்டன் இல்லம் எங்களுடையதைவிடப் புதியது, சுத்தமானது. கிழவர் இன்னொருவருடன் ஓர் அறையில் இருந்தார். யன்னலடிக் கட்டில் மற்றவருக்கு. அவர் கண்ணை மூடிக் கிடந்தார். கிழவரின் கட்டில் கதவுப் பக்கம். நாற்காலி சுவரைப் பார்த்துப் போடப்பட்டிருந்தது. அவர் காலை நிலத்தில் உதைக்கவில்லை. மேசையில் மூச்சுக்கு இழுக்கும் மருந்துக் குழாய் ஒன்று இருந்தது.

சிம்பாப்வேப் பெண் வாசலில் குனிந்து கைதட்டினார். கேட்டார். கிழவர் திரும்பி, மூச்சை இழுத்தார்.

பக்கத்தில் இருந்த தாதி உடனே குழாயை எடுத்தார்.

"அது மூச்சில்லை. ஓம் எண்டு சொல்றார்" என்றேன்.

"எதுக்கு ஓம்?"

"நித்திரை கொண்டீங்களோ எண்டு இவ கேட்டவ."

தாதி எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். குழாயை வைத்தார். நான் கிழவரின் முன்னால் குந்தியிருந்து, தக் ஃபோர் சிஸ்ட் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"நீங்கள் அவற்ற பாசை கதைப்பீங்களா?" என்றார் தாதி. "அப்ப ஒருக்கா கேட்டுச் சொல்லுங்கோ, அவருக்கு ஏதாவது வேணுமோ எண்டு. எங்களால ஒண்டும் கண்டுபிடிக்கேலாமல் இருக்கு."

நான் கிழவரிடம் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும்.

"அவருக்கு யன்னலடி வேணுமாம்" என்றேன். "பகலில நாற்காலியை அங்க போட்டா காணுமாம்."

"இப்ப சொன்னவரா?"

"ஓம்."

"எனக்கு அவர் வாய் திறந்த மாதிரித் தெரியேல்லையே."

"சொன்னவர். மூண்டு தரம் சொன்னவர். எழுதி வையுங்கோ."

தாதி தினக்குறிப்பை எடுத்து எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். மேற்கோள் குறிக்குள் எழுதியிருந்தார். பிறகு நாற்காலியின் தடையை விடுவித்து, மற்றவரின் கட்டிலைச் சுற்றிக் கிழவரை யன்னலுக்குத் தள்ளினார். வெளியே கார் நிறுத்தும் இடம். ஏழு கார்கள் நின்றன. எட்டாவது ஒன்று பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. அது நிற்கும்வரை கிழவர் அதைப் பார்த்தார்.

திரும்பும் பஸ்ஸில் மேல்தட்டில் இடம் கிடைத்தது. நாலைந்து தரிப்பிடங்கள் தாண்டிய பிறகு சிம்பாப்வேப் பெண் கேட்டார்.

"எப்ப சொன்னவர்? நான் அங்கதானே நிண்டனான்."

"சொல்லேல்லை."

அவர் கைப்பையைத் திறந்து, தாளில் சுற்றிய வறுத்த கச்சான் கடலையை எடுத்து, பாதியை என்னிடம் நீட்டினார். நான் விரல்களை நேராக வைத்து இரண்டு முறை தட்டிவிட்டு, இரண்டு கைகளையும் நீட்டி வாங்கினேன். முன் இருக்கையில் இருந்தவர் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.